இரண்டாவது நம்பர்

"போர்டுல என்ன பேர் போடணும் மேடம்?"

"போர்டு வேண்டாம்."

"போர்டு ஃப்ரீதான் மேடம். அதுக்குத் தனியா சார்ஜ் கிடையாது."

"ஃப்ரீயா இருந்தாலும் வேண்டாங்க."

கார் கம்பெனிப் பெண் மறுமுனையில் திகைத்துப் போனாள். இலவசம் என்ற பிறகும் வேண்டாம் என்று சொல்கிற வாடிக்கையாளரை அவள் அதுவரை பார்த்திருக்க மாட்டாள்.

"அப்ப டிரைவர் எப்படி மேடம் பாசஞ்சரைக் கண்டுபிடிப்பாரு?"

"நானும் அதே கார்ல வர்றேன். என்னை வீட்டுல ஏத்திக்கணும், ஏர்போர்ட்டுல அவரை ஏத்திக்கணும், நேரா வீடு. நடுவுல எங்கேயும் நிக்கக் கூடாது."

"பொக்கே வேணுமா மேடம்? இந்த மாசம் ஆஃபர் போகுது. ஹஸ்பண்டுக்குக் கொடுத்தா சந்தோஷப்படுவாரு."

"ஹஸ்பண்டுன்னு நான் சொல்லவே இல்லையே?"

"குரல்லயே தெரியுது மேடம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனையோ நாளாகியிருந்ததால் அது பாதியிலேயே நின்றுவிட்டது. பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜைதான் அவளுடைய வேலை. இந்த போனுக்காக மேஜையை விட்டு எழுந்து, பின்புற அறைக்குள் வந்து கதவைச் சாத்தியிருந்தாள். அலமாரி நிறைய சுண்ணாம்பு வெள்ளையில் பல் அச்சுகள், அவள் பேசுவதை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தன.

"கார் கண்ணாடி கறுப்பா இருக்குமா?"

"லைட்டா இருக்கும் மேடம். ரொம்பக் கறுப்பா போட்டா போலீஸ் பிடிக்கும்."

போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

அவள் கணவன் வெளிநாட்டில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். அங்கே சரக்கு காணாமல் போனது. எடுத்தவர்கள் யாரோ. ஆனால் சரக்கு வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்துப் போட்டவன் இவன். ஜெயிலில் போட்டார்கள். அங்கிருந்து எப்போதாவது பேச விடும்போது தன் அம்மாவிடம், "எனக்கு மேனேஜர் பதவி கொடுத்திருக்காங்கம்மா, மூச்சு விட நேரமில்லே" என்று சொல்லிவைத்தான். உண்மை தெரிந்தவள் மனைவி ஒருத்திதான். மேனேஜர் எப்படி இருக்கிறார், மேனேஜருக்கு வீடு கொடுத்திருக்கிறார்களா, மேனேஜருக்குக் கீழே எத்தனை பேர் என்று மாமியார் கேட்கும்போதெல்லாம், அவள்தான் இட்டுக்கட்டிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பொய் சொல்வதில் அவளே இப்போது கை தேர்ந்துவிட்டாள்.

உள்ளே இருக்கும்போது ஒரு முறை அவன் சாகப் பார்த்தான். அதை அவன் சொல்லவில்லை. கூட இருந்த ஒருவர் விடுதலையாகி ஊருக்கு வந்ததும் கிளினிக்கைத் தேடி வந்து, பல் வலிக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது விட்டுவிட்டார்கள். பயணத்துக்கு ஒரு தற்காலிகத் தாள் கொடுத்து விமானம் ஏற்றப் போகிறார்கள். அதைச் சொல்லக் கூப்பிட்ட அன்று அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"நீ மட்டும் வா. கார் ஒண்ணு பேசிக்கிட்டு வா. அம்மா வேண்டாம். தம்பி வேண்டாம். யாரும் வரக் கூடாது."

"நான் மட்டும்தான் வருவேன்."

"என்னைப் பாத்தா உனக்கே அடையாளம் தெரியாது. ரெண்டு நாள் கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கிக்கிறேன். அப்புறம் அம்மாகிட்ட நானே சொல்றேன். அதுக்கு முன்னாடி யாராவது அங்கே வந்து நின்னாங்கன்னா, நான் அப்படியே போயிடுவேன். எங்கேன்னு கேக்காதே."

"அப்படியெல்லாம் பேசாதீங்க."

"சத்தியமா?"

"சத்தியமா யாரும் வரமாட்டாங்க."

அதனால்தான் இந்தக் கார். குடும்பத்தில் ஒருவருக்கும் பழக்கமில்லாத கம்பெனியாகப் பார்த்துப் பிடித்திருந்தாள்.

"ஃப்ளைட் நம்பர், சார் பேரு, உங்க நம்பர் எல்லாம் குறிச்சிக்கிட்டேன் மேடம்" என்றாள் கம்பெனிப் பெண். "இது கிடைக்கலேன்னா கூப்பிட இரண்டாவது நம்பர் ஒண்ணு சொல்லுங்க."

அதே நேரம் டாக்டர் உள்ளேயிருந்து மணி அடித்தார். அடுத்த நோயாளியை அனுப்ப வேண்டும். அவள் கதவைத் திறந்துகொண்டே ஒரு நம்பரை மளமளவென்று ஒப்பித்துவிட்டு போனை வைத்தாள்.

அது அவள் கொழுந்தனுடைய நம்பர்.

அந்தக் குடும்பத்தில் காஸ் சிலிண்டர், பேங்க் கணக்கு, ரயில் டிக்கெட், மாமியாரின் கண் ஆஸ்பத்திரி என்று எதற்கு நம்பர் கேட்டாலும் கொழுந்தன் நம்பரைத்தான் கொடுப்பார்கள். போனைப் பார்த்துப் படித்துச் சொல்ல வீட்டில் அவனுக்குத்தான் பொறுமை உண்டு. எல்லார் ரகசிய எண்ணும் அவனுக்கே வந்து விழுவதால் அவன் தங்கை அவனுக்கு 'ஓடிபி' என்று பேர் வைத்தாள். இப்போது பெற்ற தாயே, "டேய் ஓடிபி, சாப்பிட வா" என்றுதான் கூப்பிடுகிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இரண்டாவது நம்பர் என்று யார் கேட்டாலும் அவள் வாயில் வருவது அதுதான். அவளுடையதைத் தவிர அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரும் அதுதான்.

சொன்னது அவள் காதிலேயே விழவில்லை. அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டாள்.

வருகிற நாளன்று காலையில் வீட்டைத் துடைத்தாள். அச்சகத்துக்கு மேலே இரண்டே அறை. கீழே இயந்திரம் ஓடினால் டம்ளரில் தண்ணீர் நடுங்கும். அச்சக முதலாளியிடம் போய், "ரெண்டு நாளைக்கு மத்தியானத்துல கொஞ்சம் மிஷினை நிறுத்த முடியுமாண்ணே? தலைவலி" என்று கேட்டாள். "உனக்குத் தலைவலின்னா எனக்கு வயித்துவலிம்மா, ஆர்டர் கிடக்குது" என்றவர், பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "சரி, சாயங்காலம் ஓட்டிக்கிறேன்" என்றார்.

ஜன்னல்களுக்குக் கனமான திரை போட்டாள். அவனுடைய பழைய லுங்கியைத் துவைத்து மடித்துக் கட்டில் மேல் வைத்தாள். மாமியார் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அங்கே போய், "இன்னிக்கு கிளினிக்குல கூட்டம், ராத்திரி வரைக்கும் வேலை" என்று சொல்லிவிட்டு வந்தாள். மாமியார் வாயெல்லாம் பல்லாக, "போம்மா போ, நல்லபடியா வேலையைப் பாரு" என்றாள். நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். இதெல்லாம் ஏன் என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

கார் சொன்ன நேரத்துக்கு வந்தது. டிரைவர் நரைத்த மீசைக்காரர். வண்டி கிளம்பியதும் பேச்சையும் கிளப்பினார்.

"போர்டு வேண்டாம்னு எழுதியிருக்கும்மா. நான்கூட யாராவது பெரிய மனுஷன் வர்றாருபோலன்னு நினைச்சேன். பெரிய மனுஷங்கதான் போர்டு வேண்டாம்பாங்க."

"பெரிய மனுஷன் எல்லாம் இல்லண்ணே. என் வீட்டுக்காரர்."

"வீட்டுல அவருதானே பெரிய மனுஷன்?"

"அது அவர் வந்தப்புறம் தெரியும்."

டிரைவர் சிரித்தார். கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு, "வெளிநாட்டுலேர்ந்து வர்றவங்க முதல்ல என்ன செய்வாங்க தெரியுமா? கார்ல ஏறினதும் செருப்பைக் கழட்டுவாங்க. சொந்த ஊரு வந்தாச்சுன்னு காலுக்குத்தான் முதல்ல தெரியும்போல" என்றார்.

அவள் பின்சீட்டின் தரைவிரிப்பைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அவன் கால் வைக்கப் போகிற இடம். பல நாட்களுக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

விமான நிலையத்தில் டிரைவர் வண்டி நிறுத்துமிடத்தில் காரை நிறுத்திவிட்டு இருந்துகொள்ள, அவள் மட்டும் வருகைப் பகுதிக்கு நடந்தாள். கண்ணாடிக் கதவுகள் திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. அதற்கு வெளியே இடுப்புயரக் கம்பி. கம்பியை ஒட்டிப் போர்டு பிடித்த டிரைவர்கள் வரிசை. ஒரு தூண் ஓரமாக நின்றால் போதும், அவன் கதவைத் தாண்டியதும் பார்த்துவிடலாம் என்று இடம் தேடினாள்.

"சர்ப்ரைஸ்!"

அவள் திரும்பினாள்.

ஓடிபி நின்றான். அவன் பக்கத்தில் நாத்தனார். நாத்தனார் வீட்டுக்காரர். பிள்ளைகள். கம்பி முடிந்து வழி திறக்கிற இடத்தில், கையில் பெரிய பூச்செண்டோடு மாமியார்.

"எங்களை ஏமாத்தப் பாத்தீங்களே அண்ணி!" ஓடிபி போனை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினான். "கார் நம்பர், ஃப்ளைட் நம்பர், அண்ணன் பேரு, எல்லாம் மெசேஜா வந்து விழுந்துடுச்சு. என் பேரு என்ன? ஓடிபி! எங்கிட்டயா?"

பின்புற அறையும் டாக்டரின் மணியும் தன் வாய் மளமளவென்று ஒப்பித்ததும் அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தன.

"நேத்தே கேக்கலாம்னு துடிச்சேன் அண்ணி" என்றாள் நாத்தனார். "அம்மாதான், அவளா சொல்லட்டும், நாம போய் நின்னு அவ மூஞ்சியப் பாப்போம்னாங்க. உங்க மூஞ்சியப் பாக்கணுமே இப்ப!"

"தம்பி, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடு" என்றாள் அவள். "அவர் களைச்சுப் போய் வருவாரு. நான் கூட்டிட்டு வர்றேன். போயிடுங்க. தயவு செஞ்சு."

"இது நல்லா இருக்கே. வேன் பிடிச்சு வந்திருக்கோம். அண்ணனைப் பாக்காம போறதா?"

"இன்னும் ரொம்ப நேரமாகும். லேட்டாம்."

"இறங்கியாச்சு அண்ணி." அவன் போனைப் பார்த்தான். "போன்ல காட்டுதே."

"அப்ப அந்தப் பக்கம் காபிக் கடையில உக்காருங்க. வந்ததும் கூப்பிடறேன்."

"ஏம்மா," மாமியார் கிட்டே வந்தாள். "நீ மட்டும் முதல்ல பாக்கணும்னு ஆசைப்படறே. புரியுது. நானும் ஒரு காலத்துல சின்னவளா இருந்தவதானே? நீ முன்னாடி நில்லு. நாங்க பின்னாடி நிக்கிறோம். என் கண்ணுக்கு நீ முன்னாடி நின்னாலும் ஒண்ணுதான், பின்னாடி நின்னாலும் ஒண்ணுதான். எல்லாம் பனி மூட்டமாத்தான் தெரியுது."

மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. மகன் வந்த பிறகுதான் ஆபரேஷன் என்று பிடிவாதமாக இருந்தாள்.

சொல்லிவிடலாமா? அவள் ஓடிபியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "தம்பி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அண்ணன்..."

"ஒரு நிமிஷம் அண்ணி, ஒரு நிமிஷம். கதவு திறக்குது பாருங்க. ஏய், அதை விரி, அதை விரி!"

அவனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பேனரை உயர்த்தினார்கள். அதில் அவள் கணவனின் கல்யாணப் போட்டோ. முகம் மட்டும்தான் அவனுடையது. கோட்டும் டையும் போட்ட உடம்பு யாருடையதோ. கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்தார்கள். கீழே தங்க நிற எழுத்தில், 'மேனேஜர் அவர்களே, வருக வருக!'

"கோட்டு போட்டுட்டு வருவானா?" மாமியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். "மேனேஜர்னா கோட்டுதானே?"

"ஏசி பிளேன்ம்மா, கண்டிப்பா கோட்டுதான்" என்று பேனருக்குப் பின்னாலிருந்து ஓடிபியின் குரல் வந்தது.

வண்டி வண்டியாகப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஒரு குடும்பம் வந்தது. அவர்களுக்குப் பின்னால் ஒருவன் வந்தான். தலை ஒட்ட வெட்டியிருந்தது, வெட்டிய மிச்சமும் நரைத்திருந்தது. சட்டை அவனை விடப் பெரிய யாருக்கோ தைத்தது. கையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் பை. மேலுதடு உள்ளே மடிந்திருந்தது. கிளினிக்கில் தினமும் வாய்களைப் பார்க்கிறவள் அவள். முன்பற்கள் இல்லை என்று அந்தத் தூரத்திலேயே தெரிந்தது.

அவன் கூட்டத்தில் தேடினான். அவளைக் கண்டுபிடித்தான். உதட்டோரம் லேசாக அசைந்தது.

பிறகு பேனரைப் பார்த்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனைப் போல மெதுவாகப் படித்தான். பூச்செண்டைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

அவள் தலையை ஆட்டினாள். நான் சொல்லவில்லை, நான் கூட்டி வரவில்லை என்று தலையாலும் கண்ணாலும் எவ்வளவோ சொன்னாள். அத்தனை தூரத்துக்கு அது எப்படிப் புரியும்? அவன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். கம்பி முடிகிற இடத்துக்குத்தான் வர வேண்டும். வேறு வழி இல்லை. அங்கே அவன் அம்மா வழியை அடைத்துக்கொண்டு எக்கி எக்கிப் பார்த்தபடி நின்றாள்.

அவன் அம்மா முன்னால் நின்றுவிட்டான். கை நீட்டினால் தொடுகிற தூரம்.

"யப்பா, கொஞ்சம் தள்ளிப் போப்பா" என்றாள் மாமியார். "மறைக்கிறே பாரு. என் பிள்ளை வர்ற நேரம்."

அவன் சட்டையில் இடித்துக் கசங்கிவிடாமல் பூச்செண்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டு வழி விட்டாள்.

அவன் தள்ளிப் போனான்.

பேனர் பிடித்த இருவருக்கும் முகத்துக்கு முன்னால் பேனர்தான் தெரிந்தது. நாத்தனார் வீட்டுக்காரர் கதவையே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவன் வண்டி நிறுத்துமிடம் இருக்கும் பக்கமாகத்தான் போனான். நல்லது, அங்கே போய் நில்லுங்கள், இதோ வந்துவிடுகிறேன் என்று மனசுக்குள் சொன்னாள். உடனே பின்னால் ஓடினால் இவர்களும் ஓடி வருவார்கள். பேனரோடு வருவார்கள். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு குடும்பம் வெளியே வந்தது. இன்னொன்று.

"எங்கே போறீங்க அண்ணி?"

"பாத்ரூம்."

திரும்பியதும் ஓடினாள்.

டிரைவர் காரில் சாய்ந்து நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். அவர் மட்டும்தான் நின்றார்.

"வந்தாராண்ணே? ஒல்லியா... கையில பையோட..."

"இங்கே யாரும் வரலியேம்மா."

டாக்ஸி வரிசையில் பார்த்தாள். பஸ் நிற்கிற இடத்தில் பார்த்தாள். தூண்களுக்குப் பின்னால், குழாயடியில், ஆண்கள் கழிப்பறை வாசலில் நின்று உள்ளே குரல் கொடுத்துப் பார்த்தாள். உள்ளேயிருந்து வந்த ஒருவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். டிரைவர் ஒன்றும் கேட்காமல் கூடவே ஓடி வந்தார். வாகனங்கள் வெளியேறும் கேட்டில் இருந்த காவலாளிதான் பதில் சொன்னார்.

"பிளாஸ்டிக் பை வெச்சிருந்தாரா? இப்படித்தான் நடந்து போனாரு. இது வண்டி போற ரோடுய்யா, நடக்கிற வழி இல்லேன்னேன். காதுலயே வாங்கல."

"அழுதாரா?"

காவலாளி யோசித்தார். "இல்லம்மா. திரும்பிக்கூடப் பாக்கல."

கார் கேட்டைத் தாண்டியது. டிரைவர் ஓரமாகவே மெதுவாக ஓட்டினார். பின்னால் வந்த வண்டிகள் ஒலி எழுப்பிவிட்டு விலகிப் போயின. அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டியிருந்தாள். வெயிலில் சாலை பளபளத்தது. ஒரு மனிதரும் இல்லை. கொஞ்ச தூரத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மேம்பாலத்தில் ஏறி நகரத்துக்குப் போனது. இன்னொன்று கீழே இறங்கி ரயில் பாதையை ஒட்டிப் போனது.

டிரைவர் பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினார். "எந்தப் பக்கம்மா?"

அவளுக்கு எப்படித் தெரியும்? நான் அப்படியே போயிடுவேன், எங்கேன்னு கேக்காதே என்றவன். நீயும் அவர்களோடு சேர்ந்து வேடிக்கை பார்க்க வந்துவிட்டாயா என்றுதான் நினைத்துக்கொண்டு நடப்பான். நடந்துகொண்டுதான் இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

போன் அடித்தது. ஓடிபி.

"அண்ணி, எங்கே இருக்கீங்க? எல்லாரும் வெளியே வந்தாச்சு, கதவையே சாத்திட்டாங்க. அண்ணனைக் காணோம். ஃப்ளைட்டை விட்டுட்டாரா? பேனர் பிடிச்சுப் பிடிச்சு எனக்குக் கையே விட்டுப்போச்சு."

அவள் இரண்டு பாதைகளையும் பார்த்தாள். அவளிடம் இருந்தது ஒரு கார். அவர்களிடம் ஒரு வேன் இருந்தது. அத்தனை பேர், அத்தனை கண்கள். சத்தியம் செய்தாள்தான். யாருக்குச் செய்தாளோ அவன் உயிரோடு கிடைத்தால்தானே அதைக் காப்பாற்றியும் பயன்?

"தம்பி, அண்ணன் வந்துட்டாரு."

"வந்துட்டாரா? உங்ககூட இருக்காரா? அம்மா! அண்ணன் வந்துட்டாராம்! அண்ணி நம்மளையே ஏமாத்திட்டு ஜோடியாக் கிளம்பிட்டாங்க!" போனுக்குள் கைதட்டல் கேட்டது. பிள்ளைகள் கத்தின.

"தம்பி, நான் சொல்றதைக் கேளு. ஸ்பீக்கரை அணை."

"ஏற்கெனவே ஸ்பீக்கர்ல போட்டாச்சு அண்ணி. எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. அண்ணன்கிட்ட கொடுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எல்லாரும் உடனே வேன்ல ஏறுங்க. கீழ் ரோட்டுல, ரயில் பாதைப் பக்கமா தேடுங்க. நான் பாலத்துப் பக்கம் போறேன். சட்டை தொளதொளன்னு இருக்கும். தலை ஒட்ட வெட்டியிருக்கும். கையில பிளாஸ்டிக் பை."

"யாரைத் தேடணும் அண்ணி? என்ன சொல்றீங்க?"

"கொஞ்ச நேரம் முன்னாடி அத்தை ஒருத்தரைத் தள்ளிப் போகச் சொன்னாங்களே."

கைதட்டல் நின்றது. யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது மட்டும் கேட்டது.

அதற்கு நடுவே மாமியாரின் குரல் தெளிவாக வந்தது.

"ஆமா, பாவம், யாரோ ஒரு மனுஷன் என் முன்னாடி வந்து நின்னான். அவனுக்கு என்னம்மா?"